ஐந்தரை மணிக்குக் காலியாகும் மேசை

சாயங்காலம் ஐந்தரை மணி ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு குடித்தனம் காலியாகும்.

அது அக்காவின் குடித்தனம். முதலில் தண்ணீர் குடிக்கும் குவளையைக் கழுவித் துடைத்து, பழைய துண்டில் சுற்றிப் பைக்குள் வைப்பார். அடுத்து முதுகுக்கு அண்டக் கொடுத்திருந்த சின்னத் தலையணை. அப்புறம் ஸ்டேப்ளர், கத்தரிக்கோல், பேனாக்கள், மேசைக்கடியில் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் சிலிப்பர். கடைசியில் லேப்டாப், மவுஸ், சார்ஜர். சார்ஜர் வயரை இரண்டு விரலில் எட்டுப் போட்டுச் சுற்றி, தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் கட்டுவார். எல்லாம் உள்ளே போனதும் ஈரத்துணியால் மேசையைத் துடைத்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, "வாரேன்லா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மாடிப்படி இறங்குவார். அந்த மேசையில் ஒருவர் பல வருஷமாக உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். கீழே காப்பித்தூள் கடை. சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும், வரிப் பாரங்களை நிரப்பிக் கொடுப்பதும் எங்கள் பிழைப்பு. நான் கணக்குப் பக்கம். அக்கா அட்மின். அட்மின் என்றால், எது வாங்க வேண்டுமானாலும் அக்கா, எது பழுதானாலும் அக்கா, யாருடைய வேலை என்று யாருக்கும் தெரியாத எல்லா வேலைக்கும் அக்கா.

எங்கள் மேசைகளைப் பார்க்க வேண்டுமே! என் மேசையில் முருகன் படம், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படம், பிஸ்கட் டின், பாதி செத்துப் பாதி பிழைத்திருக்கும் ஒரு மணி பிளாண்ட். பக்கத்து மேசை ஃபரிடாவுடையது. அவள் வரிப் பிரிவு. பிளாஸ்டிக் ரோஜாவும், வருஷம் முழுக்க நாற்காலியில் தொங்கும் குளிர்ச் சட்டையும் அவள் சொத்து. எங்களுக்கு நடுவில் அக்காவின் மேசை பொட்டலாகக் கிடக்கும். திருடன் வந்தால்கூட அந்த மேசையைப் பார்த்துவிட்டு, நமக்கு முன்னாலேயே எவனோ வந்துவிட்டான் என்று திரும்பிப் போயிருப்பான்.

"என்னாக்கா, இன்னிக்கும் வீடு மாத்துறீங்களா?" என்று நான் தினம் கேலி பண்ணுவேன்.

"நாற்காலி நம்ம நாற்காலி இல்லலா. உக்கார விட்டிருக்காங்க, உக்காந்திருக்கோம்" என்பார்.

அதில் கசப்போ கோபமோ இருக்காது. இன்றைக்கு மழை வரும் போல இருக்கு என்று சொல்வது மாதிரி சொல்வார். எனக்குத்தான் சில சமயம் எரிச்சலாக வரும். ஒரே இடத்தில் நாமெல்லாம் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றாமல் நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

ஒரு முறை ராத்திரி பெய்த மழையில் கூரை ஓடு விலகி, அலுவலகம் முழுக்கத் தண்ணீர். காலையில் கதவைத் திறந்தால் என் பிஸ்கட் டின் மிதக்கிறது. முருகன் படம் ஊறிப் போய்விட்டது. ஃபரிடாவின் லேப்டாப் செத்தே போனது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அக்கா மட்டும் காய்ந்த பையோடு வந்து நின்றார். வேறு யாராவது இருந்தால், நான் அப்போதே சொல்லலையா என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பார்கள். அவர் பையை மாடிப்படிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மத்தியானம் வரை தண்ணீரை வாரி இறைத்தார். அன்றைக்கு நாங்கள் யாரும் அவரைக் கேலி பண்ணவில்லை. மறுவாரம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டோம்.

அவர் வீடு லகாட் பக்கம், ஒரு தாமான் குடியிருப்பில். ஒரு தீபாவளிக்கு அடுத்த நாள் போயிருந்தேன். நல்ல வீடு. ஆனால் சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. சாமி படங்கள் தரையில் பலகை போட்டு வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் கட்டுப் பிரிக்காமல் அலமாரி மேல் இருந்தன. லோரி ஓட்டும் அவர் கணவர் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"நீயாச்சும் சொல்லு தங்கச்சி. சொந்த வீடுலா இது. பேங்குல கட்டி முடிச்சாச்சு. ஒரு ஆணி அடிக்க விட மாட்டேங்குறா."

அக்கா சமையற்கட்டிலிருந்து சிரித்தார். "ஆணி அடிச்சா ஓட்டை விழும். அப்புறம் போறப்ப அடைக்கணும்."

"எங்கடி போப்போறோம்?" என்று அவர் கேட்டார். அக்கா காப்பி கொண்டு வந்து வைத்தார்.

அந்தப் போக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதையும் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னார். அதற்கு நான் டாக்கிங் ஸ்டேஷன் கதைக்கு வர வேண்டும்.

போன வருஷம் ஆரம்பத்தில் அக்காவுக்கு வலது தோள் விட்டுப்போனது. கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியவில்லை. டாக்டர், கனமான பையைத் தூக்கக் கூடாது என்றார். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, அதே பையை அதே தோளில் மாட்டிக்கொண்டு மறுநாள் வந்தார். படியேறும்போது நின்று நின்று மூச்சு வாங்கினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாஸ் அவரைக் கூப்பிட்டார். பாஸ் செட்டிநாட்டுப் பக்கத்துக் குடும்பம். அப்பா தொடங்கிய அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளைகளின் பேரெல்லாம் அவருக்குத் தெரியும். பரீட்சை எப்படி எழுதினான் என்று மறக்காமல் கேட்பார். கெட்டவர் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

"சிஸ்டர், எல்லா மேசைக்கும் டாக்கிங் ஸ்டேஷன் போடலாம்னு இருக்கேன். நீங்கதான் பாத்து எடுக்கணும்" என்றார்.

டாக்கிங் ஸ்டேஷன் என்பது ஒரு சோப்புப் பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி. மேசையிலேயே இருக்கும். இரண்டு திரை, கீபோர்டு, மவுஸ், நெட் வயர், கரண்டு எல்லாம் அதில் மாட்டியிருக்கும். அதிலிருந்து வரும் ஒரே ஒரு வயரை லேப்டாப்பில் செருகினால் போதும், எல்லாம் ஓடும். லேப்டாப்புக்குச் சார்ஜும் அதிலேயே ஏறும். கிளம்பும்போது அந்த ஒரு வயரைப் பிடுங்கினால் போதும்.

பாஸ் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். ஒன்று, பெட்டியில் பூட்டுப் போடத் துளை இருக்க வேண்டும். இரும்புக் கயிற்றால் மேசைக்காலோடு கட்ட வேண்டும். இரண்டாவது, எந்தக் கம்பெனி லேப்டாப்பைக் கொண்டுவந்து செருகினாலும் வேலை செய்ய வேண்டும்.

"நம்மகிட்ட இருக்கறதுக்கு ஒத்து வந்தா போதாதா பாஸ்?" என்று அக்கா கேட்டார்.

"இல்ல சிஸ்டர். எது வந்தாலும் ஓடணும்."

அலுவலகம் எங்களுக்குக் கொடுத்திருந்த லேப்டாப்புகள் கலியாணத்துக்கு வந்த கூட்டம் மாதிரி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அதனால் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. அக்கா வேறொன்றைத்தான் கேட்டார்.

"எல்லாருக்கும் ஒன்னு உண்டா பாஸ்?"

"எல்லாருக்கும் உண்டு. உங்க பேரையும் ஒட்டித் தர்றேன். இனிமே வீட்டத் தூக்கிக்கிட்டு அலைய வேணாம்" என்று பாஸ் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை வாங்கி எங்கோ பத்திரமாக வைத்துக்கொண்டவர் மாதிரி வெளியே வந்தார்.

அப்புறம் நடந்ததைப் பெண் பார்க்கும் படலம் என்றுதான் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சீனரிடம் பேசி, சாம்பிளுக்கு என்று ஒவ்வொரு வகையாக வாங்கி வருவார். மேசை மேசையாகக் கொண்டுபோய் ஒவ்வொரு லேப்டாப்பிலும் செருகிப் பார்ப்பார். ஒன்றில் ஃபரிடாவின் திரை தெரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. இன்னொன்றில் சார்ஜ் ஏறியது, எங்களோடு வேலை பார்த்த பாஸ் மகனுடைய வெள்ளி நிற லேப்டாப்பில் இரண்டு திரையிலும் ஒரே படம் வந்தது. என் லேப்டாப் கிழடு. புது மாதிரி வயருக்கு அதில் துளையே கிடையாது.

"என்னுதுக்காக ஏன்க்கா மெனக்கெடுறீங்க, விடுங்க. எனக்கு வேணாம்" என்றேன்.

"எல்லாருக்கும்னு சொல்லிருக்கார்லா. நீ மட்டும் வெளிய நிப்பியா?" என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

ஒன்று ஓடுகிறதென்றால் அதோடு விட மாட்டார். பாதி நாள் ஓடவிட்டு, பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போல. சூடாக இருந்தால் உதட்டைப் பிதுக்கித் திரும்பக் கட்டிவிடுவார். கடைக்காரர் நொந்து போனார்.

"ஐயோ ஆண்ட்டி, கல்யாணப் பொடவகூட இவ்ளோ நாள் பாக்க மாட்டாங்கலா" என்று அவர் மலாயில் புலம்பியதை அக்கா எங்களிடம் தமிழில் சொல்லிக் காட்டிச் சிரித்தார்.

ஒரு நாள் அப்படி ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது நானும் கூடப் போனேன். அவர் தோளுக்காக நான்தான் பையைத் தூக்கினேன். கடை திறக்கவில்லை. பக்கத்தில் தோசைக் கடையில் உட்கார்ந்தோம். நான் சும்மா கேட்டேன்.

"இந்த டாக் வந்துட்டா, எல்லாத்தையும் மேசையிலயே விட்டுட்டுப் போவீங்கதானே?"

அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே பேசினார்.

"பாகான் செராய் பக்கம் ரப்பர்த் தோட்டத்துல, தோட்டத்து வீட்டுல இருந்தோம்லா நாங்க. தோட்டத்த வித்துட்டாங்க. காலி பண்ணணும்னு கடுதாசி வந்துச்சு. எங்கப்பா போயித் தோட்டத்து ஆபீஸ் கிராணியக் கேட்டாரு. தீவாளி கழிச்சுப் பாத்துக்கலாம், நீ பயப்படாதன்னுட்டாரு கிராணி. எங்கப்பா வந்து வாயெல்லாம் பல்லாச் சொன்னாரு. அந்த வாரம் பாரிட் புந்தார்ல சொந்தத்துல ஒரு கல்யாணம். எல்லாரும் போயிட்டோம். திரும்பி வந்து பாத்தா, சாமானெல்லாம் வெளிய மழையில கெடக்கு. கதவுல புதுப் பூட்டு."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

"சாமான் போனாப் போவுது. அடுப்புக்கிட்ட கோழி ஒன்னு அடகாத்துக்கிட்டு இருந்துச்சு. அது உள்ள மாட்டிக்கிச்சு. கத்துது. எங்கம்மா வாச்மேன் கால்ல விழாத கொறையாக் கேட்டாங்க, கோழிய மட்டும் எடுத்துக்கறோம், தொறந்து விடுப்பான்னு. சாவி எங்கிட்ட இல்லம்மாங்குறான். அவனும் நம்ம ஆளுதான். அவனுக்கும் கண்ணு கலங்கிப் போச்சு. நாங்க லோரியில ஏர்ற வரைக்கும் கத்திக்கிட்டே இருந்துச்சு."

கடைக்காரச் சீனர் இரும்புக் கதவைத் தூக்கும் சத்தம் கேட்டது. அக்கா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "வா, போலாம். இது சூடாவுதுன்னு சொல்லணும்."

அதற்கப்புறம் நான் அவரைக் கேலி பண்ணவில்லை. பண்ண வாய் வரவில்லை.

ஒருவழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதன் வயர் முனையில் ஒரு மாற்றுத் தலை தொங்கியது. புது லேப்டாப்புக்கும் போடலாம், அதைத் திருப்பி மாட்டினால் என் கிழட்டு லேப்டாப்புக்கும் போடலாம். எனக்குச் சார்ஜ் மட்டும் ஏறாது, மற்றதெல்லாம் வரும். பாஸ் மகனுக்கு இரண்டு திரையும் தனித்தனியாகத் தெரிந்தது. பாதி நாள் ஓடவிட்டு அக்கா புறங்கையை வைத்துப் பார்த்தார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இது நம்மளோட இருக்கும்" என்றார்.

பெட்டிகள் வந்து இறங்கிய அன்று அலுவலகமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. பாஸ் சொன்னபடி ஒவ்வொரு டாக்கின் மேலும் ஒவ்வொருவர் பேரை அச்சடித்து ஒட்டினார். இரும்புக் கயிறு போட்டு மேசைக்காலோடு பூட்டினார். அக்கா தன் பேரின் மேல் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்திவிட்டார். ஓரம் எங்கேயும் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

எதை வாங்கினாலும் அதன் அட்டைப்பெட்டியைத் தட்டையாக மடித்து அலமாரிக்குப் பின்னால் செருகி வைப்பது அவர் வழக்கம். எதுக்காச்சும் ஆகும் என்பார். கெட்டில் வாங்கிய பெட்டி, பிரிண்டர் வந்த பெட்டி எல்லாம் அங்கே இருந்தன. அன்றைக்கு அவற்றையும் சேர்த்து எடுத்து, காப்பித்தூள் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். இடத்த அடைச்சிக்கிட்டு எதுக்கு என்றார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

முதலில் சார்ஜர் வீட்டிலேயே தங்கியது. அடுத்த வாரம் தலையணை நாற்காலியில் தங்கியது. அப்புறம் சிலிப்பர். அப்புறம் குவளை. ஒவ்வொன்றையும் விட்டுவிட்டுப் படியிறங்குபவர், பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்ப்பார். ஒரு நாள் ஃபரிடா தன் பிளாஸ்டிக் ரோஜாவில் ஒன்றை உருவி அக்காவின் குவளையில் செருகி வைத்தாள். அக்கா அதை எடுக்கவில்லை. லேப்டாப்பை மட்டும் கைப்பையில் வைத்துக் கொண்டுபோவார். தோள்வலி குறைந்தது. தலையைப் பின்னிக்கொண்டு வர ஆரம்பித்தார். அந்த மனுஷி எவ்வளவு சிரிப்பார் என்பது எனக்கு அந்த மாதங்களில்தான் தெரிந்தது.

சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் அலுவலகத்தில் பாஸின் அப்பா காலத்திலிருந்து விடாமல் நடப்பது. சாயங்காலம் பூசை. நாம் எதை வைத்துப் பிழைக்கிறோமோ அதைச் சாமிக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். மறுநாள் காலை விஜயதசமி பூசை முடிந்துதான் தொடலாம். ஒவ்வொரு வருஷமும் நாங்கள் லேப்டாப்புகளை அடுக்குவோம். அக்கா மட்டும் ஆபீஸ் ரூலர் ஒன்றையும் ஆபீஸ் பென்சில் ஒன்றையும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். சாமிக்குத் தெரியும்லா என்பார்.

போன வருஷம் பாஸ் ஒரு மாற்றம் சொன்னார். டாக்கெல்லாம் பூட்டியிருப்பதால் அவரவர் மேசையிலேயே லேப்டாப்பை மாட்டி வைத்துவிட வேண்டியது. சூடத்தட்டை மேசை மேசையாகக் கொண்டு வருவார். பாஸின் மனைவி ஒவ்வொரு டாக்கிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மூடிய லேப்டாப் ஒவ்வொன்றின் மேலும் ஒரு மஞ்சள் செவ்வந்திப் பூ. சிவப்பு பிளாஸ்டிக் பையில் பொரியும் கடலையும் வந்திருந்தது. தட்டு அக்காவின் மேசைக்கு வந்தபோது அவர் கண்ணை மூடி ரொம்ப நேரம் கும்பிட்டார்.

ஐந்தரை ஆனது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்பை ஒரு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எடுக்காமல் எழுந்தார். வெறும் கைப்பை. "வாரேன்லா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்குப் பாதிப் படியில் நிற்கவும் இல்லை.

காலையில் நாங்கள் படியேறி வந்தபோது பாஸோடு கோலாலம்பூரிலிருந்து வந்த இரண்டு பேர் இருந்தார்கள். கழுத்துப் பட்டி கட்டியிருந்தார்கள். பாதி மேசைகளில் லேப்டாப் இருந்தது. பாதியில் இல்லை. இல்லாத மேசைகளில் டாக்கின் ஒற்றை வயர் தொங்கிக்கொண்டிருக்க, செவ்வந்திப் பூ மட்டும் டாக்கின் மேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. சாமிக்கு வைத்த பூ கீழே விழக்கூடாது என்று யாரோ அக்கறையாக வைத்திருக்கிறார்கள்.

அக்காவின் மேசையிலும் பூதான் இருந்தது.

பாஸ் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார். அலுவலகத்தைக் கோலாலம்பூர்க் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. அவர்கள் ஆட்கள் சிலர் இங்கே வருவார்கள், அவர்கள் லேப்டாப்போடு. எங்களில் பாதிப் பேரை வைத்துக்கொள்வார்கள். புதுக் கம்பெனி தொடங்க விஜயதசமியைவிட நல்ல நாள் இல்லை என்று பாஸ்தான் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அதை அவரே எங்களிடம் சொன்னார். நல்ல நாளில் செய்தால் போகிறவர்களுக்கும் நல்லது நடக்கும் என்று அவர் மனதார நம்பியிருக்கிறார். 

எனக்கு வேலை இருந்தது. ஃபரிடாவுக்கும் இருந்தது. அக்காவுக்கு இல்லை. அட்மின் வேலையை எல்லாம் கோலாலம்பூரிலேயே பார்த்துக்கொள்வார்களாம்.

எது வந்தாலும் ஓடணும் என்று பாஸ் ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் அந்த நிமிஷத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். அறைக் கதவு திறந்தே இருந்தது. அவர் குரல் கேட்டது.

"எல்லாருக்கும் உண்டுன்னு சொன்னீங்களே பாஸ்."

"சொன்னேன் சிஸ்டர். சொன்னப்ப உண்மையாத்தான் சொன்னேன். அப்ப பேச்சு இவ்ளோ தூரம் போகல."  பாஸ் அழுதார். அக்கா அழவில்லை. உள்ளே இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவர் பக்கம் தள்ளிவிட்டு வெளியே வந்தார்.

மேசைக்கு வந்து நின்றார். குவளை, தலையணை, சிலிப்பர், ஸ்டேப்ளர், கத்தரிக்கோல், பேனாக்கள், ஃபரிடாவின் பிளாஸ்டிக் ரோஜா. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார். அங்கே பை இல்லை. வெறும் கைப்பைதான் கொண்டு வந்திருந்தார்.

"தங்கச்சி, பெட்டி எதுவும் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் அலமாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்தேதான் பார்த்தேன். கீழே ஓடிப் போய்க் காப்பித்தூள் கடையில் கேட்டேன். அதெல்லாம் எப்பவோ பழைய அட்டைக்குப் போட்டாச்சே என்றார் கடைக்காரர். மேலே வந்தபோது ஃபரிடா பொரி வந்த சிவப்பு பிளாஸ்டிக் பையை உதறி அக்காவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா சாமான்களை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டார். அடியில் ஒட்டியிருந்த பொரி சிலிப்பரில் ஒட்டிக்கொண்டது. ரோஜாவை ஃபரிடாவிடம் திருப்பிக் கொடுத்தார். ஃபரிடா அவரைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பிறகு ஈரத்துணி எடுத்து வந்து மேசையைத் துடைத்தார். நாற்காலியை உள்ளே தள்ளினார். "வாரேன்லா" என்று சொல்லவில்லை.

அப்புறம் சில மாதங்கள் அவரைப் பார்க்கவில்லை. போன் பண்ணினால் நல்லா இருக்கேன் என்று வைத்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றார். லகாட்டில் ஒரு இரும்புச் சாமான் கடையில் காசாளர் வேலையாம். உட்கார நாற்காலி கிடையாது, நின்றுகொண்டேதான் வேலை என்றார். பழைய பெரிய பை வந்துவிட்டது. இப்போது இடது தோளில் மாட்டியிருந்தார்.

 அவரே கேட்டார்.

"அந்த டாக்கெல்லாம் நல்லா ஓடுதா?"

"ஓடுதுக்கா. யாரு எதக் கொண்டாந்து சொருவினாலும் ஓடுது."

"சூடாவுதா?"

"இல்லக்கா. ஒன்னுகூட இதுவரைக்கும் மக்கர் பண்ணல."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படட்டும் என்று ஒரு பொய் சொன்னேன்.

"ஒங்க பேரு இன்னும் அதுல அப்படியே இருக்குக்கா."

உண்மையில் அது முதல் நாளே போய்விட்டது. கோலாலம்பூரிலிருந்து வந்து அந்த மேசையில் உட்கார்ந்தவன், லேப்டாப்பைச் செருகுவதற்கு முன்னால் அதைத்தான் கிழித்தான். அதன் பசை மட்டும் ஒரு நீளக் கட்டமாக நின்று, தூசு பிடித்துக் கறுத்துக் கிடக்கிறது.

அக்காவின் முகம் மாறிவிட்டது. மீன் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். ஐஸ் மாதிரி இருந்தது அவர் கை.

"இருக்கா? அன்னிக்கு இருந்த இருப்புல அத எடுக்க மறந்துட்டேன்லா. வீட்டுக்குப் போய்த்தான் ஞாபகம் வந்துச்சு. நாளைக்குப் போனதும் மொத வேலையா அதக் கிழிச்சுப் போட்ரு தங்கச்சி. நம்மளுது எதுவும் அங்க இருக்கக் கூடாது."

"சரிக்கா" என்றேன்.

"மறந்துறாத."

"மறக்க மாட்டேன்க்கா."

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் அலுவலகத்துக்குப் போனேன். அந்த மேசைக்கு முன்னால் குனிந்து நின்று, டாக்கின் மேல் இருந்த பசையை நகத்தால் சுரண்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு உருண்டையாகத் திரண்டு வந்தது. அவன் படியேறி வரும் சத்தம் கேட்கும் வரை சுரண்டினேன். முழுசாகப் போகவில்லை.